அரை, கால், அரைக்கால்

"தண்ணியில தலை தெரிஞ்சா சாடணும் மக்கா. யாரு தலைன்னு கரைக்கு வந்த பொறவு பாத்தா போதும்."

இனயம் கடப்புறத்தில், மணலில் ஏற்றிவைத்திருந்த வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து கிழிந்த வலைமடியைக் கட்டிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னது இது. வலைக்கண்ணைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்திருந்தார். பேசும்போதும் கையிலிருந்த ஊசி நிற்கவில்லை. நான் கேட்டது இதுதான்: கடலில் வள்ளம் மறிந்து நாலு பேர் தத்தளிக்கிறார்கள், அதில் ஒருவன் உங்கள் தம்பி, முதலில் யாரைத் தூக்குவீர்கள்? அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "பக்கத்துல கெடக்கவனை" என்றார். அதற்குப் பிறகுதான் மேலே உள்ளதைச் சொன்னார்.

நான் அவரை மாமா என்றேன். அவர் என்னை மக்கா என்றார். எங்களுக்குள் ரத்த உறவு ஒரு துளியும் கிடையாது. அவர் கடற்கரைக்காரர், நான் மேட்டு ஊர்க்காரன். குமரி மாவட்டத்தில் பஸ் கண்டக்டர் முதல் டீக்கடைக்காரர் வரை மக்கா சொல்லாத வாய் கிடையாது. மக்கள் என்றால் பிள்ளை. எதிரே நிற்பவனைப் பிள்ளையாக்கிக்கொண்ட பிறகுதான் எங்கள் பக்கம் பேச்சே தொடங்கும்.

குளச்சலுக்கும் தேங்காய்ப்பட்டணத்துக்கும் நடுவில் இருக்கிற இந்த ஊரின் பெயர் 2016-ல் பத்திரிகைகளில் அடிபட்டது. இங்கே பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகம் கட்ட மத்திய அமைச்சரவை கொள்கையளவில் ஒப்புதல் தந்த வருஷம் அது. ஊர் எதிர்த்தது, திட்டம் வேறு இடம் தேடிப் போனது. நான் வந்தது அந்தக் கதைக்காக இல்லை. ஒரு சின்னக் கணக்கின் பிறந்த கதை என்னிடம் இருந்தது. உதவி, தியாகம், பாசம் என்று நாம் சொல்வதையெல்லாம் ஒரே வரியில் அடக்கப் பார்த்த கணக்கு. அது பிறந்ததே தண்ணீரில் முங்குகிற ஒரு குழந்தையை வைத்துத்தான். கடலுக்குப் போகிற ஒருவரிடம் சொல்லிப் பார்க்காமல் அதை நம்புவது சரியில்லை என்று பட்டது.

*

கதை டார்வினின் தலைவலியில் தொடங்குகிறது. 1859-ல் வந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' சொன்னது எளிமையானது: பிழைத்துப் பிள்ளை பெற உதவுகிற குணம் தலைமுறைக்குத் தலைமுறை பெருகும், உதவாதது தேய்ந்து போகும். அப்படியானால் புற்றில் இருக்கிற வேலைக்கார எறும்பு எங்கிருந்து வந்தது? தனக்கென்று பிள்ளை இல்லை. ராணியின் பிள்ளைகளுக்குத் தீனி சுமந்தே சாகிறது. மலடியின் குணம் அடுத்த தலைமுறைக்கு எந்த வழியாகப் போகும்? தன் கொள்கையையே இது கவிழ்த்துவிடும் என்று முதலில் பயந்ததாக டார்வினே அந்தப் புத்தகத்தில் எழுதினார். குடும்பத்தோடு சேர்த்துப் பார்த்தால் வழி தெரியும் என்று ஒரு மாட்டைக் காட்டினார். வெட்டிய மாட்டின் கறி நன்றாக இருந்தால், வளர்க்கிறவர் அதே கறிக்கு அந்த மாட்டின் சொந்தங்களைத் தேடிப் போகிறார் அல்லவா?

மனிதனிடம் வந்தபோது தலைவலி கூடியது. 1871-ல் எழுதிய 'மனிதனின் வம்சாவளி'யில், கூட்டாளிகளைக் காட்டிக்கொடுப்பதைவிடச் சாவதே மேல் என்று நின்றவன் பிள்ளை இல்லாமலே போய்விடக்கூடும் என்கிறார். தைரியசாலி செத்துப்போகிறான், பதுங்கியவன் பத்துப் பிள்ளை பெறுகிறான். பிறகு தைரியம் எப்படி உலகத்தில் மிஞ்சியது?

எண்பது வருஷத்துக்கும் மேல் அந்த முடிச்சு அப்படியே கிடந்தது. 1955-ல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் பேராசிரியர் ஜே.பி.எஸ். ஹால்டேன், பொது வாசகர்களுக்கான ஓர் அறிவியல் இதழில் அதன் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தார். ஆற்றில் வெள்ளம். குழந்தை ஒன்று முங்குகிறது. அதைத் தூக்கத் தண்ணீரில் சாடவைக்கிற அரிய மரபணு ஒன்று உங்களிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பத்துப் பேர் சாடினால் ஒருவர் திரும்பி வரமாட்டார். இந்த மரபணு பெருகுமா, அழியுமா?

பெற்ற பிள்ளையோ உடன்பிறந்ததோ என்றால், அதே மரபணு அந்தக் குழந்தையிடமும் இருக்க வாய்ப்பு அரை. பேரப்பிள்ளை, அண்ணன் பிள்ளை என்றால் கால். சித்தப்பா பிள்ளை என்றால் அரைக்கால். இன்னும் ஒரு தலைமுறை தள்ளினால் வீசம். இனி எண்ணுங்கள். பத்துப் பேர் சாடி ஒருவர் போகிறார், பத்துக் குழந்தை பிழைக்கிறது. பத்தில் அரை ஐந்து: ஒன்றைக் கொடுத்து ஐந்து எடுக்கிற வியாபாரம், கொள்ளை லாபம். பத்தில் கால் இரண்டரை: லாபம்தான். பத்தில் அரைக்கால் ஒன்றேகால்: ஏதோ கையைக் கடிக்காது. பத்தில் வீசம் அரையே அரைக்கால்: நட்டம். அந்தக் குழந்தைக்குச் சாடினால் மரபணுவுக்கு ஆகாது.

ஹால்டேன் இங்கிலீஷில் எழுதியதைத் தமிழில் சொல்ல நாக்கு தடுமாறவே இல்லை, கவனித்தீர்களா? எண்சுவடியில் முந்திரி வரை, அதாவது 320-ல் ஒரு பங்கு வரை மனப்பாடம் செய்த மொழி இது. இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வேண்டியிருக்கும்.

இந்தக் கணக்கைப் பற்றி ஒரு கதையும் உண்டு. யூஸ்டன் ரோடு பக்கத்தில் ஆரஞ்ச் ட்ரீ என்ற மதுக்கடை. ஹால்டேன் ஒரு கடித உறையின் பின்பக்கம் ஏதோ கிறுக்கிக்கொண்டே இருந்துவிட்டு, இரண்டு சகோதரர்களுக்காகவோ எட்டு ஒன்றுவிட்டவர்களுக்காகவோ உயிரைக் கொடுக்கத் தயார் என்று அறிவித்தாராம். இரண்டு அரை ஒன்று, எட்டு அரைக்கால் ஒன்று. கணக்கு நேர். ஹால்டேனின் மாணவர் ஜான் மேனார்ட் ஸ்மித் 1975-ல் இதை எழுதினார். ஹால்டேன் இறந்து பத்து வருஷமாகியிருந்தது. அடுத்த வருஷமே ஒருவர் இந்தக் கதை நம்பும்படி இல்லை என்று கேள்வி எழுப்பினார். அவர் பெயர் வில்லியம் ஹாமில்டன். கோபப்பட அவருக்குக் காரணம் இருந்தது.

ஹாமில்டன் 1936-ல் கெய்ரோவில் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படிக்கும்போதே எறும்பின் புதிர் அவரைப் பிடித்துக்கொண்டது. பிறகு லண்டனில் ஆராய்ச்சி மாணவர். கற்றுக்கொடுக்கச் சரியான ஆள் இல்லை, இந்த வேலையால் என்ன பிரயோஜனம் என்று கேட்கிற ஆட்கள் இருந்தார்கள். வாடகை அறையின் தனிமை தாங்காமல் ராத்திரியில் வாட்டர்லூ ரயில் நிலையத்துக்குப் போய், போகிற வருகிற ஜனங்களுக்கு நடுவே பெஞ்சில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மனிதர்கள் ஏன் ஒருவருக்கொருவர் உதவுகிறார்கள் என்ற சூத்திரம், பேச ஆளில்லாத ஒருவரின் மடியில் வைத்து எழுதப்பட்டது.

ஹால்டேன் விளையாட்டாகச் சொல்லிவிட்டுப் போனதை ஹாமில்டன் பொதுவிதி ஆக்கினார். உறவின் பங்கை, உதவி பெறுகிறவருக்குக் கிடைக்கும் ஆதாயத்தால் பெருக்கு. வருகிற தொகை, உதவுகிறவரின் நட்டத்தைவிடக் கூடுதல் என்றால் அந்தக் குணம் பெருகும். அவ்வளவுதான். நீண்ட கட்டுரை 1964-ல் இரண்டு பாகமாக வெளிவந்தது. இரண்டாகப் பிரிக்கச் சொன்னவர், அதை மதிப்பிட்ட மேனார்ட் ஸ்மித். திருத்தி எழுதுவதில் மாதங்கள் ஓட, அதற்குள் அவரே அதே வருஷம் 'நேச்சர்' இதழில் ஒரு குறிப்பு எழுதி, இந்தக் கருத்துக்கு உறவுத் தேர்வு என்று பெயரும் வைத்துவிட்டார். குழந்தை ஒருவருடையது, பேர் சூட்டியது இன்னொருவர். அந்த மனக்கசப்பு ஆற நெடுநாள் ஆனது. பாசத்தின் கணக்கு பங்காளிச் சண்டையோடு பிறந்தது.

இன்னொருவரையும் சொல்ல வேண்டும். ஜார்ஜ் பிரைஸ் என்ற அமெரிக்கர் 1967-ல் லண்டன் வந்தார். ஹாமில்டனின் கட்டுரையைப் படித்துக் கலங்கிப்போனார். அன்பு என்பது இவ்வளவுதானா? தப்பு இருக்கும் என்று தானே போட்டுப் பார்த்தவருக்கு, அதைவிடப் பொதுவான ஒரு சமன்பாடு கிடைத்தது. 1970-ல் அது அச்சாகியது. அதே வருஷம் அவர் தீவிர கிறிஸ்தவரானார். வீடில்லாதவர்களைத் தன் வீட்டில் தங்கவைத்தார், கையில் இருந்ததை எல்லாம் கொடுத்தார், கடைசியில் வீடும் இல்லாமல் போனார். 1975 ஜனவரியில் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவர் உதவிய குடிகாரர்களுக்கும் அநாதைகளுக்கும் அவரோடு அரையும் இல்லை, வீசமும் இல்லை. சமன்பாட்டை எழுதியவரின் வாழ்க்கை அந்தச் சமன்பாட்டுக்கு வெளியே நடந்தது.

*

இவ்வளவு சொன்னதால் சூத்திரம் உதவாதது என்று நினைத்துவிட வேண்டாம். அது திறந்த கதவுகள் பல.

எறும்பு, தேனீ, குளவி வகையில் ஆணுக்குத் தகப்பன் கிடையாது. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் வருகிறது. அதனால் ஒரே தாய்க்கும் ஒரே தகப்பனுக்கும் பிறந்த சகோதரிகளுக்குள் பங்கு அரை இல்லை, முக்கால். சொந்த மகளிடம் அரைதான். மகளைப் பெறுவதைவிடத் தங்கையை வளர்ப்பது லாபம்! டார்வினின் மலட்டு எறும்புக்கு ஹாமில்டன் தந்த விடை அது. பால் ஷெர்மன் கலிபோர்னியா மலைகளில் தரை அணில்களைக் கவனித்து 1977-ல் எழுதினார்: நரி போன்ற எதிரி வந்தால் கூவி எச்சரிப்பது பெரும்பாலும் பக்கத்தில் சொந்தபந்தம் உள்ள பெண் அணில்கள். கூவுகிறவளுக்கு ஆபத்து அதிகம், கேட்கிறவர்கள் மகள்களும் சகோதரிகளும். கணக்கு சொன்னபடியே நடந்தது.

நம் பக்கத்துச் சாட்சியும் உண்டு. வீட்டு இறவாரத்தில் காகிதம்போல் கூடு கட்டுகிற குளவியை, பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தில் ராகவேந்திர கதக்கர் பல பத்தாண்டுகள் ஆராய்ந்தார். ஒவ்வொரு குளவிக்கும் வண்ணப்புள்ளி வைத்து அடையாளம் தெரிந்துகொண்டு, யார் என்ன செய்கிறாள் என்று உட்கார்ந்து பார்க்கிற வேலை. ராணி பல ஆண்களோடு சேர்கிறாள், ராணிகளும் மாறிக்கொண்டே இருக்கிறார்கள். ஆகவே வேலைக்காரி வளர்ப்பது தங்கையை மட்டும் இல்லை. அக்காள் பிள்ளை, ஒன்றுவிட்டவள் பிள்ளை எல்லாம் அந்தக் கூட்டில் உண்டு. பங்கு முக்காலுக்கு வெகுவாகக் கீழே. அப்படியும் உதவுகிறாள். ஏனென்றால் தனியாகக் கூடு கட்டினால் பிழைப்பது அபூர்வம். சூத்திரம் பொய்க்கவில்லை, ஆனால் அதன் கனமான பகுதி ரத்தப் பங்கில் இல்லை, ஆதாய நட்டத்தில் இருந்தது. குளவிக்கே தொழிலின் நெருக்கடி உறவைவிடப் பெரிதாக இருக்கலாம் என்று அந்தக் கூடு காட்டியது.

உறவே இல்லாதவருக்குச் செய்யும் உதவிக்கு ராபர்ட் டிரைவர்ஸ் 1971-ல் ஒரு வழி சொன்னார். இன்றைக்கு நான் உன்னைத் தூக்கினால் நாளைக்கு நீ என்னைத் தூக்குவாய். அவர் எடுத்த உதாரணமும் முங்குகிறவன்தான். விட்டுவிட்டால் பாதிக்குப் பாதி செத்துப்போவான், சாடுகிறவனுக்கு இருபதில் ஒன்று ஆபத்து. இருவரும் மாற்றி மாற்றிக் காப்பாற்றிக்கொண்டால் இருவருக்கும் லாபம். கடற்கரை ஊர்க்காரர் எவருக்கும் இது புரியும்.

*

பெரியவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு வள்ளம் கரையேறியது. அலை பின்வாங்குகிற நேரம் பார்த்து, நின்றவர்கள் எல்லாம் ஓடிப்போய்த் தோள் கொடுத்தார்கள். நானும் ஒரு பக்கம் பிடித்தேன், பெரிதாக உதவவில்லை. மூச்சு வாங்கித் திரும்பியபோது, உங்கள் வள்ளத்தில் யார் யார் போவீர்கள் என்று கேட்டேன். மனைவியின் தம்பி ஒருவர், பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், முன்பு அவரோடு தொழில் செய்தவரின் மகன் ஒருவன், வேறு ஊர்க்காரர் ஒருவர். அண்ணன் தம்பி யாரும் இல்லையா?

"தொழில் தெரிஞ்சவன் வேணும் மக்கா. பொறவு, ஒரே வீட்டு ஆம்பிளைய எல்லாம் ஒரே வள்ளத்துல போவக்கூடாது. ஒரு கடலடி போதும், வீடே காலியாயிரும்."

உறவுக் கணக்குப்படி தம்பிமாரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். அவர் விலக்கி வைக்கிறார். சூத்திரக்காரர்களிடம் இதைச் சொன்னால், அதுவும் எங்கள் கணக்குதான், குடும்பத்தின் மரபணு மொத்தமாக முங்காமல் பார்த்துக்கொள்கிறார் என்பார்கள். இருக்கலாம். ஆனால் தம்பியைச் சேர்த்தாலும் சரி, சேர்க்காவிட்டாலும் சரி என்றால், எல்லாப் பூட்டுக்கும் ஒரே சாவி என்று ஆகிவிடுகிறது. எல்லாப் பூட்டையும் திறக்கிற சாவியைக் கொல்லனிடம் கொடுத்துச் சோதிப்பது நல்லது.

இதைச் சோதித்தவர் ஒருவர் இருக்கிறார். இந்தோனேசியாவின் லெம்பாட்டா தீவில் லமலேரா என்று ஓர் ஊர். இனயம்போலவே கத்தோலிக்க ஊர், கடலை நம்பிய ஊர். அங்கே திமிங்கிலம் பிடிக்கிறார்கள். எந்தப் படகில் யார் ஏறுகிறார் என்பதை மைக்கேல் ஆல்வார்ட் ரத்தப் பங்கோடு ஒப்பிட்டுப் பார்த்து 2003-ல் எழுதினார். படகில் உறவுக்காரர்கள் இருந்தார்கள், அது உண்மை. ஆனால் யாருக்கு எந்தப் படகு என்பதை நன்றாகச் சொன்னது ரத்தப் பங்கு இல்லை, குலம். தாய்வழியில் அதே அளவு நெருக்கமானவன் வேறு குலம் என்றால் வேறு படகு. காரணம் லேசாகப் புரியும். ரத்தப் பங்கு ஆளுக்கு ஆள் மாறும். என் ஒன்றுவிட்டவன் உனக்கு யாரோ. பன்னிரண்டு பேர் ஒரு படகில் போக, எல்லாருக்கும் பொதுவான ஒரு பேர் வேண்டும்.

*

மனிதனிடம் இந்தக் கணக்கைக் கொண்டுவந்தபோதுதான் பெரிய சண்டை மூண்டது. ஹார்வர்டின் எட்வர்ட் வில்சன் 1975-ல் சமூக உயிரியல் பற்றிய பெரிய புத்தகத்தை எழுதினார். கடைசி அத்தியாயத்தில் மனிதனை வைத்தார். வர்க்கம், இனம், ஆண் ஆதிக்கம் எல்லாவற்றையும் இயற்கை என்று நியாயப்படுத்தப் பார்க்கிறார் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1978-ல் வாஷிங்டனில் ஒரு கூட்டத்தில் அவர் தலையில் தண்ணீரைக் கொட்டினார்கள்.

தண்ணீர் கொட்டாமல் எதிர்த்தவர் மானுடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ். மனிதக் கூட்டம் எதுவும் உறவை ரத்தப் பங்கின்படி கணக்கிடுவதில்லை என்று 1976-ல் எழுதினார். கூடவே ஒரு கேள்வியும் போட்டார்: உலகத்தில் எத்தனையோ மொழிகளில் பின்னத்துக்குச் சொல்லே இல்லையே, அவர்கள் அரைக்காலை எப்படிக் கணக்கிடுவார்கள்? நத்தைக்கு லாகரிதம் தெரியாமலே அதன் ஓடு சரியான சுருளாக வளர்கிறதே என்று ரிச்சர்ட் டாக்கின்ஸ் மடக்கினார். கணக்குத் தெரியாமலே கணக்கின்படி நடக்கலாம் என்பது சரிதான். பசிபிக் தீவுகளில் இஷ்டப்படி தத்துக் கொடுக்கிறார்கள் என்பது சாலின்ஸின் இன்னொரு வாதம். 1980-ல் ஜோன் சில்க் அந்தத் தத்துகளை எண்ணிப் பார்த்தார். பெரும்பாலும் நெருங்கிய சொந்தத்துக்குள்தான் பிள்ளை கை மாறியிருந்தது. இந்தச் சுற்றில் சூத்திரத்துக்கு வெற்றி.

நான் சாலின்ஸ் பக்கம் ஒரு சாட்சி சொல்ல விரும்புகிறேன், அதுவும் பின்னம் தெரிந்த மொழியிலிருந்து. நமக்கு அரைக்கால் தெரியும், வீசம் தெரியும். ஆனால் உறவுக்கு அவற்றைத் தொடவே இல்லை. சித்தப்பா மகனும் அரைக்கால், பெரியம்மா மகனும் அரைக்கால், அத்தை மகனும் அரைக்கால், மாமன் மகனும் அரைக்கால். முதல் இருவரும் அண்ணன் தம்பி. அவர்களோடு கல்யாணம் என்று நினைத்தாலே பாவம். பின் இருவரும் மச்சான். பல சமூகங்களில் கல்யாணம் கட்டிக்கொள்ள முறையுள்ளவர்கள். ரத்தம் ஒரே எடை, சொல் இரண்டு. அந்தச் சொல்லில்தான் யாரோடு சிரித்துப் பேசலாம், யார் முன் ஒதுங்க வேண்டும், சாவு வீட்டில் யார் எங்கே நிற்க வேண்டும் என்பது எல்லாம் இருக்கிறது. 'மனிதனின் வம்சாவளி' வந்த அதே 1871-ல் லூயிஸ் ஹென்றி மார்கன் என்ற அமெரிக்கர் உலகத்து உறவுமுறைகளைத் திரட்டி வெளியிட்டார். தமிழ் முறையும் அதில் இருந்தது. தகப்பனின் அண்ணனையும் அப்பா என்று கூப்பிடுகிற வழக்கம் இரோக்குவா இந்தியர்களிடமும் நம்மிடமும் ஒரேமாதிரி இருப்பது கண்டு அசந்துபோனார்.

கடற்கரையில் இதற்கு மேலும் ஒரு அடுக்கு. ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையைத் தொட்டவர் ஞானத்தகப்பன், ஞானத்தாய். பங்கு பூஜ்யம், உறவு ஆயுசுக்கும்.

*

சொல் உறவை உண்டாக்கும் என்றால், சொல்லே உறவை அறுக்கவும் செய்யும். 1982-ல் மண்டைக்காட்டில் திருவிழா நேரத்தில் மூண்ட கலவரம் எங்கள் மாவட்டத்தைக் கடற்கரை என்றும் மேட்டு ஊர் என்றும் இரண்டாகப் பிளந்தது. ஒரே சந்தையில் மீன் வாங்கி விற்றவர்கள் எதிரிகளானார்கள். கடப்புறத்தான் என்ற சொல் வசையானது. கூட்டமாக வாழ்ந்து பிழைத்த உயிரினம் நாம், நம்மவன் வேற்றவன் என்று பிரித்துப் பார்ப்பது ஆதியிலிருந்தே மனத்தில் ஊறியது என்று பரிணாமக்காரர்கள் சொன்னால் நான் மறுக்க மாட்டேன். அந்தக் கோடு ஏன் சரியாக அங்கே, அந்த வருஷம், அப்படி விழுந்தது என்று கேட்டால் அவர்களிடம் பதில் இருக்காது. மதம், அரசியல், நிலம், மீன் விலை எல்லாம் தெரிந்தவரிடம் போக வேண்டும்.

2004 டிசம்பர் 26. அதே கடற்கரையில் சுனாமி ஏறியது. மேட்டு ஊர்களின் பள்ளிக்கூடங்களும் கல்யாண மண்டபங்களும் திறந்தன. நான் பார்த்த ஒரு மண்டபத்தில் பாய்கள் போதாமல் பந்திக்கு விரிக்கிற ஜமுக்காளத்தை விரித்தார்கள். சோறு பரிமாறியவர் "இன்னும் கொஞ்சம் போடட்டா மக்களே" என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனார். 1982-க்கும் 2004-க்கும் நடுவில் யாருடைய மரபணுவும் மாறிவிடவில்லை. இருபத்திரண்டு வருஷம் பரிணாமத்துக்கு ஒரு கண்ணிமைப்பு.

2017 நவம்பர் 30-ம் தேதி ஒக்கி புயல் குமரிக் கடலைப் புரட்டியது. ஆழ்கடலில் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் திரும்பவில்லை. அரசின் தேடல் போதவில்லை என்று டிசம்பர் 7-ம் தேதி கடற்கரை ஜனங்கள் ஆயிரக்கணக்கில் குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தில் உட்கார்ந்தார்கள். அதற்கு முன்பே மீனவர்கள் சொந்த டீசல் ஊற்றிச் சொந்தப் படகுகளில் தேடப் போயிருந்தார்கள். இதில் உறவும் உண்டு, இன்றைக்கு நான் நாளைக்கு நீ என்பதும் உண்டு. ஹாமில்டனும் டிரைவர்ஸும் சேர்ந்து முக்கால்வாசியை விளக்கிவிடுவார்கள்.

அடுத்த வருஷம் நடந்ததுதான் இடிக்கிறது. 2018 ஆகஸ்டில் கேரளத்தில் பெருவெள்ளம். மீனவர்கள் வள்ளங்களை லாரியில் ஏற்றிக்கொண்டு, தாங்கள் ஒருநாளும் பார்த்திராத உள்நாட்டு ஊர்களுக்குப் போனார்கள். 669 வள்ளம், நாலாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட மீனவர்கள், 65,000 பேர் மீட்பு என்று கேரள அரசு கணக்குச் சொன்னது. மலப்புறம் பக்கம் ஒரு மீனவர் தண்ணீரில் குனிந்து முதுகைப் படியாகக் கொடுத்தார், பெண்கள் அதில் மிதித்துப் படகு ஏறினார்கள். அரசு கொடுக்க முன்வந்த பணத்தை வேண்டாம் என்றவர்கள் உண்டு. மீட்கப்பட்டவர் சொந்தம் இல்லை. நாளைக்குக் கடலில் வந்து இவர்களைத் தூக்கப்போகிறவரும் இல்லை. நல்ல பேர் கிடைக்கும், அதன் ஆதாயம் பின்னால் வரும் என்று கணக்கை இன்னும் ஒரு முழம் நீட்டலாம். நீட்ட நீட்ட மடி லேசாகிறது, அதில் தங்குவது குறைகிறது.

எனக்குப் படுவது இது. நெஞ்சு ஏன் பதறுகிறது என்பதற்கு அந்தச் சூத்திரம் நல்ல பதில். பிள்ளை அழுகிற சத்தத்துக்கு உடம்பு எழுந்துவிடுகிறதே, அது லட்சக்கணக்கான வருஷங்களாகச் செதுக்கப்பட்டது. அதைச் செதுக்கிய உளி எது என்று ஹாமில்டன் காட்டினார். ஆனால் பிள்ளை யார் என்பதைச் சூத்திரம் சொல்லாது. ஆதாயம், நட்டம், பங்கு மூன்றும் அதில் இருக்கின்றன. தராசில் யாரை ஏற்றுவது என்பதை மனிதர்கள் கூப்பிட்டுத் தீர்மானிக்கிறார்கள். மக்கா என்று கூப்பிட்டால் உள்ளே, வசைச்சொல்லால் கூப்பிட்டால் வெளியே.

*

ஹால்டேன் அந்தக் கட்டுரை எழுதிய இரண்டாவது வருஷம், 1957-ல், மகாலனோபிஸ் அழைப்பில் கல்கத்தா இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்துவிட்டார். குர்தா போட்டார், இந்தியக் குடிமகனானார். மாமன் மகளையும் அக்காள் மகளையும் கட்டுகிற தென்னிந்திய வழக்கத்தை ஆராயச் சொல்லி மாணவர்களைத் தூண்டினார். அவரோடு வேலை செய்தவர்களில் ஒருவர் டி.ஏ. டேவிஸ். தென்னையின் ஓலைகள் சில மரங்களில் இடப்பக்கமும் சில மரங்களில் வலப்பக்கமும் சுற்றி ஏறுவதை ஆயிரக்கணக்கில் எண்ணிப் பார்த்தவர். அவருடைய பிற்காலக் கட்டுரைகளின் முகவரி நாகர்கோவில், ஜே.பி.எஸ். ஹால்டேன் ஆராய்ச்சி மையம். ஆற்றில் குழந்தையைப் போட்ட அந்தப் பேராசிரியரின் பெயர் எங்கள் மாவட்டம் வரை வந்து சேர்ந்திருக்கிறது. ஹாமில்டனின் கட்டுரை வெளிவந்த அதே 1964-ல், டிசம்பர் 1-ம் தேதி, புவனேஸ்வரில் ஹால்டேன் இறந்தார். அவர் விருப்பப்படி உடல் காக்கிநாடா மருத்துவக் கல்லூரிக்குப் போனது.

மடி கட்டி முடிக்கும்வரை இதையெல்லாம் நான் பெரியவருக்குச் சொன்னேன். அரை, கால், அரைக்கால் என்று கேட்டபோது தலையாட்டினார். மீன் விற்ற பணத்தைப் பங்கு பிரிக்கிறவருக்கு அதில் புதுமை இல்லை. வீசத்துக்குச் சாடினால் நட்டம் என்றபோது மட்டும் ஊசி நின்றது.

"கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றார். "அந்தச் சாயிப்புக்கு நீந்தத் தெரியுமா?"

அந்தக் கட்டுரையில் நான் சொல்லாமல் விட்டிருந்த இடம் ஒன்று உண்டு. லாப நட்டப் பட்டியல் முடிந்ததும் ஹால்டேன் சேர்த்துக்கொள்கிறார்: முங்கிவிடுவார்கள் போலிருந்தவர்களைத் தானே இரண்டுமுறை தண்ணீரிலிருந்து இழுத்துப் போட்டிருப்பதாகவும், தனக்கு அதில் பெரிய ஆபத்து இருக்கவில்லை என்றும், இந்தக் கணக்கெல்லாம் போட அப்போது நேரம் இல்லை என்றும்.

அதைச் சொன்னேன்.

பெரியவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். மடியை உதறி மணலில் விரித்தார்.

"பொறவென்ன மக்கா," என்றார். "நம்ம ஆளுதான்."